ஜாம் போத்தல் வெளிச்சத்தில் ஓர் அணு உலை

2025 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் இலங்கை முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். அன்று கிளிநொச்சிச் சந்தையில் மீனைவிடக் குரங்குக் கதைதான் நன்றாக விலைபோனது. பின்னேரத்தோடு மின்சாரம் திரும்பிவிட்டது. ஆனால் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் உடனே எழும்பவில்லை. அதனால் அடுத்த ஓரிரு நாட்கள் பின்னேரங்களில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு.

பிள்ளைகள் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் சமாளித்தார்கள். அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. குசினித் தட்டின் பின்னாலிருந்து ஒரு குப்பி விளக்கை எடுத்துவந்து கொளுத்தினா. மண்ணெண்ணெய் மணம் மெல்ல விறாந்தைக்கு வந்தது. "உந்த மணம் தலையிடிக்குது அப்பம்மா" என்று மகள் மூக்கைப் பொத்தினாள். எனக்கு அந்த மணத்தோடு வந்தது ஸ்கந்தபுரத்தில் ஒரு கிடுகுக் கொட்டில், சுவரில் சாத்திய ஒரு பலகை, அதில் வெண்கட்டியால் கீறிய ஓர் அணு உலை.

1996 இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது நாங்களும் கிளம்பினோம். அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று சனம் பற்றையை வெட்டித் தறப்பாள் கட்டிக் குடியிருந்தது. பள்ளிக்கூடங்களும் கூடவே இடம்பெயர்ந்தன. காலையில் ஒரு பள்ளி நடக்கும் மரத்தடியில் மத்தியானம் இன்னொரு பள்ளி நடக்கும். வன்னிக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் 1990 இல் போர் மீண்டும் மூண்டபோதே நின்றுபோயிருந்தது. நான் சிறுவயதில் மின்குமிழ் எரிந்த வீட்டில் இருந்தவன். என் தம்பிக்கு அது மற்றவர்கள் சொல்லிக் கேட்ட கதை.

பொருளாதாரத் தடை என்பது அப்போது எங்களுக்கு அரசியல் சொல் அல்ல, கடைக்குப் போனால் கிடைக்கும் பதில். பற்றரி இல்லை, சீமெந்து இல்லை, யூரியா இல்லை. பெற்றோல் தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலில் உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அது வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு போகும். அந்த மண்ணெண்ணெயும் அளந்துதான் கிடைக்கும். ஆகவே படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு விளக்கு வந்தது. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு எண்ணெய், கம்பியில் கோத்த நூல்திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நின்று எரியும், காற்றுக்கு அணையாது. அதைச் சுற்றி நாலு பேர் குனிந்தால் நாலு கொப்பிக்கும் வெளிச்சம் போதும். காலையில் மூக்கைச் சிந்தினால் கரி வரும்.

அந்த வெளிச்சத்தில்தான் மாஸ்ரர் உயர்தரப் பௌதிகம் படிப்பித்தார். மெலிந்த மனிதர். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, நூலால் காதில் கட்டியிருப்பார். ஓய்வுபெறும் வயதைக் கடந்தும் ஓய்வு எடுக்காதவர். பாடத்திட்டத்தில் கதிர்த்தொழிற்பாடும் கருச்சக்தியும் கடைசி அலகு. மாஸ்ரர் அதிலிருந்துதான் தொடங்குவார். ஏனென்று கேட்டால், "கடைசி எண்டு வைச்சால் அது வராமலே போயிடும். நாளைக்கு எங்கை இருப்பமெண்டு ஆருக்கடா தெரியும்?" என்பார்.

அவர் அறுபதுகளில் சென்னையில் பட்டம் படித்தவர். அந்தக் காலத்தில் வசதியுள்ள யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் படிக்கச் சென்னைக்குத்தான் போனார்கள். விடுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்த தமிழ்நாட்டு நண்பர் பட்டம் முடித்துத் துரொம்பேயிலிருந்த அணுசக்திப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1957 இல் தொடங்கிய பள்ளி அது. பிறகு கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு வேலைக்குப் போனார். மாஸ்ரர் ஊருக்கு வந்து வாத்தியாரானார். இருவருக்குமிடையே கடிதப் போக்குவரத்து மட்டும் நிற்கவில்லை. அந்தக் கடிதங்களை மாஸ்ரர் ஒரு பழைய யூரியாப் பைக்குள் சுற்றி வைத்திருந்தார். சனம் இடம்பெயரும்போது உரலையும் தையல் மெசினையும் ஏற்றியது. மாஸ்ரர் அந்தப் பையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார்.

ஒருநாள் அதிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்தார். நீலத் தாளில் பென்சிலால் ஒரு படம். படுக்கவைத்த பெரிய பீப்பா ஒன்று. அதன் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்கு ஊடுருவிப் போகும் குழாய்கள். ஓரத்தில் சின்ன எழுத்தில் 306 என்று இலக்கம். பீப்பாவுக்குக் கலண்ட்ரியா என்று பெயர். உள்ளே பாரநீர் நிற்கும். குழாய்களுக்குள் யுரேனியக் கட்டுகள். இயற்கை யுரேனியத்தில் பிளவுபடக்கூடிய வகை நூற்றுக்கு 0.7 பங்குதான். பிளவில் புறப்படும் நியூத்திரன்கள் அதிவேகமானவை. அவற்றின் வேகத்தைத் தணித்தால்தான் அடுத்த கரு அகப்படும். சாதாரண நீரும் வேகத்தைத் தணிக்கும், ஆனால் நியூத்திரன்களில் ஒரு பகுதியை விழுங்கியும்விடும். பாரநீர் விழுங்குவது மிகக் குறைவு. ஆகவே யுரேனியத்தைச் செறிவூட்டும் ஆலை இல்லாத நாடும் இந்த உலையை நடத்தலாம். ஆனால் ஒரு உலைக்கு 200 தொன்னுக்கு மேல் பாரநீர் வேண்டும்.

"எல்லாம் எதுக்கு? கடைசியிலை தண்ணியைக் கொதிக்க வைச்சு ஆவியாலை ஒரு சில்லைச் சுத்தத்தான். உங்கட அம்மா நெல் அவிக்கிறதுக்கும் இதுக்கும் அடுப்பிலைதான் வித்தியாசம்" என்றார் மாஸ்ரர்.

கொட்டிலின் வாசலில் அப்பா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இரவில் என்னைக் கூட்டிப்போக வருகிறவர். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் பிற்றராக இருந்தவர். ஐம்பதுகளில் ஆனையிறவு உப்பை நம்பி எழுந்த தொழிற்சாலை அது. உப்புக் கரைசலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி எரிசோடாவும் குளோரினும் எடுப்பார்கள். போரில் அது சிதைந்துபோனாலும் அப்பாவின் கையில் அந்த வேலை மிச்சமிருந்தது. எந்தக் குழாயைக் கண்டாலும் மூட்டுவாயைத் தடவிப் பார்ப்பார். அன்று படத்தை வாங்கி விளக்கின் கீழே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"மாஸ்ரர், உந்த முன்னூற்றாறிலை ஒண்டு ஒழுகினால்?"

மாஸ்ரர் எழும்பியே விட்டார். "கேட்டியளோ! மூண்டு கிழமையாப் படிப்பிக்கிறன், ஒருத்தனும் இதைக் கேக்கேல்லை. இதுதான் இன்ஜினியரின்ர கேள்வி." அன்றைய பாடம் அதோடு முடிந்தது. இருவரும் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு மூட்டு, வாஷர், வால்வு என்று நடுச்சாமம்வரை கதைத்தார்கள். நான் விளக்கடியில் நித்திரையாகிப் போனேன்.

1998 மே மாதத்து இரவு ஒன்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பு கடிகாரத்தை முன்னே நகர்த்தியிருந்தது. நாங்கள் பழைய நேரத்திலேயே இருந்தோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாஸ்ரரின் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைப்போம். ஒருவன் மிதியைக் கையால் சுற்றுவான். டைனமோவிலிருந்து இரண்டு வயர் றேடியோவுக்குப் போகும். பிபிசி தமிழோசை முடியும்வரை வேகம் குறையக்கூடாது. குறைந்தால் செய்தி கரகரத்து அமுங்கும், பெரியவர்கள் "டேய், சுத்தடா" என்பார்கள். அன்று சுற்றும் முறை எனக்கு. இந்தியா பொக்ரானில் அணுகுண்டுகளை வெடித்துப் பரிசோதித்தது என்பது செய்தி.

முற்றத்தில் இருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து கதைத்தார்கள். சிலருக்குப் பெருமை. சிலருக்கு இந்தியா என்றதும் வேறு ஞாபகம். 1987 இலிருந்து 1990 வரை இந்திய இராணுவம் இங்கே இருந்த காலத்தில் வீட்டுப் படலையில் நின்ற துவக்குகளின் ஞாபகம். மாஸ்ரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தார். சைக்கிளை நிமிர்த்திய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இது ரெண்டாம்தரம். முதல்தரம் 1974 மே. குண்டு வெடிச்ச சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அதாலை ஆற்ற வேலை கெட்டது தெரியுமோ?"

அப்படித்தான் எம்.ஆர். சீனிவாசன் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன். மாஸ்ரரின் நண்பர் கடிதங்களில் எழுதும் பெயர். கல்பாக்கத்தின் தலைமைத் திட்டப் பொறியியலாளர்.

மாலூர் ராமசாமி சீனிவாசன் 1930 இல் பெங்களூரில் பிறந்தவர். பௌதிகத்தில் ஆசை இருந்தும் படித்தது இயந்திரப் பொறியியல். கனடாவில் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் 1954 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆராய்ந்த துறை வாயுச்சுழலி. அணுவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. 1955 இல் இந்திய அணுசக்தித் துறையில் சேர்ந்து ஹோமி பாபாவின் கீழ் வேலை தொடங்கினார். அடுத்த ஆண்டு ஓகஸ்டில் அப்சரா ஆய்வு உலை இயங்கியது, ஆசியாவின் முதல் உலை. 1959 இல் இந்தியாவின் முதல் அணுமின் நிலையத்துக்கு முதன்மைத் திட்டப் பொறியியலாளராக்கினார்கள். அப்போது அவருக்கு 29 வயது.

அந்த முதல் நிலையமான தாராப்பூர், அமெரிக்க நிறுவனம் கட்டிக் கொடுத்தது. 1969 இல் மின்சாரம் தந்தது. இரண்டாவது நிலையம் ராஜஸ்தானில், கனடாவின் உதவியோடு. ஒன்ராறியோவிலிருந்த டக்ளஸ் பொயின்ற் உலையின் சாயலில் எழுந்தது. முதல் அலகு 1973 முடிவில் வணிகரீதியாக ஓடத் தொடங்கியது. இரண்டாவது அலகு பாதியில் நிற்கையில் பொக்ரான் வெடித்தது. கனடா உதவியை நிறுத்தியது.

அதே 1974 இல்தான் சீனிவாசனை மின்திட்டப் பொறியியல் பிரிவின் பணிப்பாளராக்கினார்கள். வெளிநாட்டுப் பொறியியலாளர்கள் விட்டுப்போன வரைபடங்கள் மேசையில். அதில் உள்ள பம்பியையும் வால்வையும் குழாயையும் உள்ளூர்ப் பட்டறைகளில் செய்விக்க வேண்டும். அணுவேலை அறியாத தொழிற்சாலைகளுக்கு அந்த நுட்பத்தையும் துப்புரவையும் பழக்க வேண்டும். ஒரு உருக்கு ஒட்டு பிழைத்தால் வெட்டியெடுத்துத் திரும்ப ஒட்ட வேண்டும். ராஜஸ்தானின் இரண்டாம் அலகு ஓட 1981 ஆயிற்று. கல்பாக்கத்தில் 1971 இல் தொடங்கிய கட்டுமானத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். கடலுக்கடியில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் சுரங்கம் வெட்டிக் குளிர்நீர் எடுத்தார்கள். உலை தயாராகும் நேரத்தில் பாரநீர் போதவில்லை. அதற்காகவும் காத்திருந்தார்கள்.

"குண்டு செய்தவனின்ர பெயர் பேப்பரிலை வந்தது," என்றார் மாஸ்ரர். "தடை விழுந்தது மின்சாரம் செய்தவனின்ர தலையிலை. இரண்டும் ஒரே வீட்டிலை இருந்ததுதான், நான் மறைக்கேல்லை. அங்கை அரசாங்கம் தடையைத் தானே தேடிக்கொண்டுது. எங்களுக்கு மற்றவன் போட்டது. ஆனால் சாமான் நிண்டால் கையாலை என்ன செய்யலாமெண்ட கணக்கு ரெண்டு இடத்திலையும் ஒண்டுதான்."

அந்த இரவில் எனக்கு இது முழுதாக விளங்கியது என்று சொல்லமாட்டேன். கையெல்லாம் நோ. டைனமோ சுற்றிய நோ.

கல்பாக்கம் முதல் அலகு 1983 ஜூலை 2 இல் பிளவு தானாகத் தொடரும் நிலையை எட்டியது. மின்வலையில் இணைந்தது ஜூலை 23. திகதியைச் சொன்னதும் வன்னியில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அன்றிரவுதான் திருநெல்வேலியில் பதின்மூன்று சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். மறுநாள் கொழும்பு எரியத் தொடங்கியது. நண்பர் அந்த மகிழ்ச்சியில் எழுதிய கடிதம் கையில் கிடைத்தபோது, கொழும்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து இறங்கிய சனத்துக்கு வவுனியாவில் மாஸ்ரர் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தாராம். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். இரவு படுக்கும்போதுதான் வாசித்தார். "அவன் சந்தோசப்பட உரிமையுள்ளவன். பன்னிரண்டு வருசம் உழைச்சவன். பதிலெழுதத்தான் எனக்கு ரெண்டு மாசம் சென்றது" என்று எங்களிடம் சொன்னார்.

மாஸ்ரருக்கு வெற்றிக் கதைகளைவிடப் பழுதுக் கதைகளில்தான் ருசி. ராஜஸ்தான் முதல் உலையின் முகப்புக் கவசத்தில் வெடிப்பு விழுந்து கசிந்தது, அதை அடைத்துத் திறனைக் குறைத்து ஓட்டினார்கள். எண்பதுகளின் முடிவில் கல்பாக்கத்தில் கலண்ட்ரியாவுக்குள் பாரநீர் நுழையும் இடத்துத் தகடுகள் உடைந்தன. ஆள் உள்ளே போக முடியாத இடம். எட்ட நின்று கமராவால் பார்த்து, உடைசலை எடுத்து, நீர் நுழையும் வழியையே மாற்றினார்கள். உலை திறன் குறைந்து 170 மெகாவாட்டில் ஓடியது. அப்போது சீனிவாசன் அணுசக்தி ஆணைக்குழுவின் தலைவர். 1987 முதல் 1990 வரை. எங்கள் ஊரில் இந்திய இராணுவம் நின்ற அதே காலம். நண்பரின் கடைசிக் கடிதம் அந்தத் தகடுகளைப் பற்றியது. அதற்குப் பிறகு தபால் வரவில்லை. மூலையில் கசங்கிய அந்தக் கடிதத்தை அப்பா இரண்டு தரம் வாங்கி வாசித்தார். முன்பு கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்த திருப்தி முகத்தில் தெரிந்தது.

2002 இல் ஏ9 பாதை திறந்தது. பற்றரி வந்தது. டைனமோ சைக்கிளில் தன் பழைய வேலைக்குத் திரும்பியது. நான் பல்கலைக்கழகம் போய்வந்து வாத்தியாரானேன்.

2004 மார்கழியில் கடல் வந்தது. முல்லைத்தீவுக் கரையை வழித்துக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கில் சனம் போனது. ஒரே காலைப்பொழுதில் அதே கடல் கல்பாக்கத்திலும் ஏறியது. ஊழியர் குடியிருப்பில் அங்கேயும் உயிர்கள் போயின. முதல் அலகு அப்போது திருத்த வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாவது அலகு ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்பி வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததும் உலையை நிறுத்தினார்கள். உலை தாங்கியது. சில நாட்களில் திரும்ப ஓடியது. மாஸ்ரர் முல்லைத்தீவில் நிவாரண வேலையில் நின்றபோது பேப்பரில் இதைக் கண்டு, "உலையை உயரத்திலை வைச்சிருக்கிறாங்கள். குடியிருப்பைக் கரையிலை வைச்சிருக்கிறாங்கள்" என்று மட்டும் சொன்னார்.

2009 பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. யூரியாப் பை முள்ளிவாய்க்காலைத் தாண்டவில்லை. அப்பாவும் தாண்டவில்லை. செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்கு வெளியே, அட்டைப் பெட்டியைக் கிழித்துக் கரியால் எழுதி மாஸ்ரர் திரும்பவும் படிப்பித்தார். அந்த ஓகஸ்டில் முகாமிலிருந்தே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். அங்கேயும் அவர் கடைசி அலகிலிருந்துதான் தொடங்கினார். கலண்ட்ரியாவைக் கடிதம் இல்லாமலே கீறினார். 306 ஐ மறக்கவில்லை.

கிளிநொச்சிக்குத் திரும்பியபின் கொஞ்சக் காலம் இருந்தார். 2011 இல் ஃபுகுஷிமா. அங்கேயும் உலைகள் நிலநடுக்கத்தோடு நின்றுவிட்டன. ஆனால் நின்ற உலையும் சூடு கக்கும். அந்தச் சூட்டைத் தணிக்க வேண்டிய டீசல் இயந்திரங்கள் தண்ணீரில் மூழ்கிவிட்டன. அதே ஆண்டு கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக இடிந்தகரைச் சனம் உண்ணாவிரதம் இருந்தது. அந்த நிலையத்துக்கு 1988 இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் செய்தபோது அணுசக்தித் துறையின் தலைமையில் இருந்தவர் சீனிவாசன். 2012 இல் தமிழ்நாட்டு அரசு அமைத்த நால்வர் குழுவிலும் அவர் இருந்தார். உலையைத் திறக்கலாம் என்றது குழு. உலைகளைக் கட்டியவரே உலைக்குச் சான்று சொல்வதா என்று போராட்டக்காரர் கேட்டார்கள்.

மாஸ்ரர் சீனிவாசனை விட்டுக்கொடுப்பார் என்று நான் நினைக்கவில்லை. "கேள்வி சரி," என்றார். "கடற்கரைச் சனம் கேக்கிறதும் உன்ர கொப்பர் கேட்டதும் ஒண்டுதான். ஒழுகினால்? அதுக்குப் பதில் சொல்லுறது இன்ஜினியரின்ர வேலை. பதில் போதுமோ எண்டு சொல்லுறது சனத்தின்ர வேலை. ஒராள் ரெண்டையும் செய்யேலாது." கூடங்குளம் முதல் அலகு 2013 இல் மின்வலையில் சேர்ந்தது. லக்சபானா மின்சாரம் கிளிநொச்சிக்குத் திரும்பியதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். மாஸ்ரரின் வீட்டில் மின்குமிழ் எரிவதை அவர் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஜாம் போத்தலைச் சுற்றி என்னோடு குனிந்திருந்தவர்களில் ஒருவன் இப்போது ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜக்ஸில் இருக்கிறான். 2015 இல் அவனுடைய வீட்டுக்குத் தபாலில் அயடின் மாத்திரைகள் வந்தன. பக்கத்திலே பிக்கரிங் அணுமின் நிலையம். பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார்கள். விபத்து நடந்தால் கதிரியக்க அயடின் தைரொயிட்டில் சேராமல் தடுப்பதற்கு. அவன் மாத்திரைப் பெட்டியைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். "மச்சான், மாஸ்ரர் கீறின பீப்பாவுக்குப் பக்கத்திலைதான் வீடு வாங்கியிருக்கிறன்" என்று கீழே எழுதியிருந்தான். பிக்கரிங்கும் பாரநீர் உலைதான். ராஜஸ்தானுக்கும் கல்பாக்கத்துக்கும் தாய்வழி உறவு. ஒன்ராறியோவின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி அணுவிலிருந்துதான் வருகிறது. ஸ்காபரோவில் எங்கள் சனம் கொளுத்தும் சாமியறை மின்விளக்கிலும் அதில் பங்கிருக்கிறது.

மின்வெட்டு முடிந்து மூன்று மாதம் கழித்து, மே மாதத்தில், சீனிவாசன் உதகமண்டலத்தில் காலமானார் என்ற செய்தியைப் பார்த்தேன். 95 வயது. அவருடைய தலைமையில் 18 அணுமின் அலகுகளின் வேலை நடந்தது. ஏழு இயங்கின, ஏழு கட்டப்பட்டுக்கொண்டிருந்தன, நான்கு திட்டத்தில் இருந்தன. இந்திய அணுமின் கழகத்தின் முதல் தலைவர். வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகவரகத்துக்கும் ஆலோசகர். 2015 இல் பத்மவிபூஷண். அஞ்சலிக் குறிப்புகளில் பதவிகளும் விருதுகளும் வரிசையாக வந்தன. உடைந்த தகடுகளைப் பற்றி ஒன்றும் இல்லை. மாஸ்ரர் இருந்திருந்தால் அதைத்தான் தேடியிருப்பார்.

மறுநாள் வகுப்பில் அவரைப் பற்றிச் சொன்னேன். இலங்கைக்கும் அணுமின் நிலையம் வேண்டும் என்று கொழும்பில் கதைக்கிறார்களே, வருமா என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். கரும்பலகையில் இரண்டு ஆண்டுகளை எழுதினேன். 1955, அவர் வேலைக்குச் சேர்ந்தது. 1983, கல்பாக்கம் மின்சாரம் தந்தது. இடையில் 28 வருடம். அந்த 28 வருடமும் துரொம்பே பள்ளி ஆண்டுதோறும் பிள்ளைகளைப் பயிற்றி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. உலையை விலைக்கு வாங்கலாம். அதை விற்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். இந்த 28 வருடம் எங்கே விற்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டேன்.

பூநகரியில் காற்றாலை வரும் என்று வருடக்கணக்காகக் கேட்டோம். குரங்கு மின்சாரத்தை நிறுத்திய அதே கிழமையில் அதானி நிறுவனம் அந்தத் திட்டத்திலிருந்து விலகியது. விலகியது நல்லதா கெட்டதா என்பது வேறு கதை. கட்ட வருகிறவர்கள் ஒருநாள் போவார்கள். கனடா போனது, நாளை வேறு யாரும் போவார்கள். போனபிறகு மூட்டுவாயைத் தடவிப் பார்த்து, எங்கே ஒழுகுகிறது என்று சொல்லத் தெரிந்த ஒருவர் பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ இருக்க வேண்டும். அவர் எங்கள் வகுப்பறைகளிலிருந்துதான் வரவேண்டும்.

ஆகவே நானும் கடைசி அலகிலிருந்துதான் தொடங்குகிறேன். புதிதாக வந்த அதிபர் ஒருநாள் வகுப்புக்குள் எட்டிப் பார்த்து, "என்ன சேர், தலைகீழாய்ப் போறியள்?" என்றார். எல்லா அலகையும் முடித்துத் தருவேன் என்று சொல்லிவிட்டு, பலகையில் பீப்பாவின் மற்ற முகத்தைக் கீறப் போனேன்.